அத்தியாயம் 6: கூட்டமும் கூட்டுடைமையும்

பெண்கள் தொழில் தொடங்குவது பற்றிய எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும், 'தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை தவறாமல் கிடைக்கும். அறிவுரையில் பிழையில்லை, ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. யாரோடு தொடர்பு, எதற்காகத் தொடர்பு, அதில் விளைவது யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாவிட்டால், எத்தனை பேரைச் சந்தித்தாலும் அவர்கள் கைபேசியில் சேமித்த எண்களாகவே இருந்துவிடுவார்கள். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். பெண்கள் ஒன்றுகூடுவது அவர்களுக்கு வலிமையாக மாற வேண்டுமானால், அவர்கள் சேர்ந்து ஏதாவது ஒன்றை உடைமையாக வைத்திருக்க வேண்டும். அது ஒரு சேமிப்புப் பெட்டியாக இருக்கலாம். ஒரு வங்கியாக, சந்தையில் பெயர் பெற்ற ஒரு பொருளாக, மாநகராட்சியோடு போட்ட ஒப்பந்தமாக இருக்கலாம். உடைமை சிறியதா பெரியதா என்பது இரண்டாம் பட்சம். அதன் கணக்கு அந்தப் பெண்களின் கையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இந்தக் கேள்வி யாருக்கானது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாராத் தொழில்களில் இருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. அவர்களில் 74 கோடிப் பேர் பெண்கள். கூடையில் காய் சுமந்து விற்பவர், வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர், ஊதுபத்தி உருட்டுபவர், வீட்டுவேலை செய்பவர், குப்பையில் காகிதமும் கண்ணாடியும் பொறுக்கிப் பிழைப்பவர் என்று இவர்கள் பலவகை. நிலையான முதலாளியும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. காலையில் தண்டலுக்குப் பணம் வாங்கி, மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுத்து, மீதியில் குடும்பம் நடத்துகிறவர்கள் இவர்களில் ஏராளம். மொத்த வியாபாரியிடமும் வட்டிக்காரரிடமும் காவலரிடமும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பேசிப் பார்க்க வேண்டியிருப்பதே இவர்களின் முதல் பலவீனம்.

அகமதாபாத் காட்டிய வழி

1970களின் தொடக்கத்தில் அகமதாபாத் துணிச் சந்தையில் பெண்கள் தலைச்சுமையாகத் துணி மூட்டைகளைக் கடைக்குக் கடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எத்தனை நடை நடந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கில்லை. வியாபாரி கொடுத்ததுதான் கூலி. அந்நகரின் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் பிரிவை நடத்திவந்த வழக்கறிஞர் எலா பட் இந்த நிலையைப் பத்திரிகையில் எழுதினார். அதை மறுத்த வியாபாரிகள், தாங்கள் நியாயமான கூலியே கொடுப்பதாகப் பத்திரிகையில் அறிக்கை விட்டார்கள். பெண்கள் பிரிவு அந்த மறுப்பை அப்படியே அட்டைகளில் அச்சடித்துச் சுமைகூலிப் பெண்களிடம் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கூலி பேசும்போது அவர்கள் அந்த அட்டையையே காட்டினார்கள். தனியொருத்தியின் வாய்ச்சொல்லாக இருந்தவரை எடுபடாத கோரிக்கை, எல்லார் கையிலும் ஒரே அட்டை வந்ததும் பேரத்துக்கு ஆதாரமாகிவிட்டது.

அதைத் தொடர்ந்து சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா', 1972இல் தொழிற்சங்கமாகப் பதிவானது. முதலாளியே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பார்கள் என்று அதிகாரிகள் முதலில் பதிவு செய்ய மறுத்தார்கள். சங்கம் என்பது தொழிலாளர் ஒற்றுமைக்கானது, எதிரி ஒருவர் இருந்தால்தான் வைக்க முடியும் என்பதில்லை என்று வாதாடித்தான் பதிவைப் பெற்றார்கள். அடுத்து வந்தது கடன் சிக்கல். வங்கிகள் இந்தப் பெண்களை வாசலிலேயே தயங்க வைத்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர், அழுக்குச் சேலை, குழந்தையோடு வருகிறவர், கடைகட்டும் நேரத்தில்தான் கையில் காசு வருகிறவர் என்று ஒவ்வொன்றும் தடையானது. 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குப் பணம் போட்டு, தங்கள் வங்கியைத் தாங்களே கூட்டுறவாகத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதது பதிவுக்குத் தடையாக வந்தபோது, பதிவுக்கு முந்தைய நாள் இரவெல்லாம் உட்கார்ந்து பெயர் எழுதப் பழகினார்கள். கணக்குப் புத்தகத்தில் ஆளின் புகைப்படம் ஒட்டப்பட்டது. வங்கி ஊழியர்களே சந்தைக்கும் தெருவுக்கும் போய்ச் சேமிப்பை வாங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். பிறகு தங்களைக் கட்டிப்போட்டிருக்கும் முடிச்சு எதுவென்று பார்த்தார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கும் நிறுவனத்தைத் தாங்களே உடைமையாளராக இருந்து உருவாக்கினார்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்து, நிதி வாங்கி, அதன்பிறகு 'பயனாளிகளை'த் தேடுகிறார்கள். அப்படிச் சேர்க்கப்பட்ட பெண்கள் நிதி நின்றதும் விலகிப்போவதில் வியப்பில்லை. அவர்கள் விட்டுப்போக வருந்தும்படி அங்கே அவர்களுடையது என்று எதுவும் இருந்திருக்காது.

சந்திப்பின் பலன் எங்கே இருக்கிறது

ஒன்றுகூடுவதால் உண்மையிலேயே வருமானம் உயருமா, அல்லது அது நல்ல மனநிறைவோடு முடிந்துவிடுமா என்று கேட்பது நியாயம். இதை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் ஆலோசனை கொடுத்து, எரிக்கா ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிலரைத் தனியாகவும் சிலரைத் தோழி ஒருத்தியோடும் வரச் சொன்னார்கள். யார் எப்படி வருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்கள் கடன் வாங்கித் தொழிலில் போட்டிருந்தார்கள்; அவர்களுடைய குடும்ப வருமானமும் உயர்ந்திருந்தது. தனியாக வந்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பெண்கள் வெளியே போய்வரக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களில் தோழியால் வந்த பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. பாடம் இருவருக்கும் ஒன்றுதான். வீட்டுக்குத் திரும்பியபின் அதைச் செய்து பார்க்கத் துணிவு கொடுத்தது பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்.

கொல்கத்தாவில் நடந்த இன்னொரு ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. நுண்கடன் குழுக்களில் சிலவற்றை வாரந்தோறும், சிலவற்றை மாதத்துக்கு ஒருமுறை கூடச் செய்தார்கள். முதல் கடன் காலத்தில் வாரம்தோறும் கூடியவர்களோடு ஒப்பிட்டால், மாதம் ஒருமுறை கூடியவர்கள் அடுத்த கடனில் தவணை தவறுவது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அடிக்கடி பார்த்துப் பழகிய பெண்கள் கூட்டத்துக்கு வெளியேயும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள். இடர் வந்தபோது கைகொடுத்தார்கள். ஆகவே நீங்கள் குழு தொடங்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மாநாடு நடத்துவதைவிட, வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருவதற்கு முதலிடம் கொடுங்கள். வாரக் கூட்டம் நடக்க ஒரு காரணம் வேண்டும். எண்ணிப் பார்க்கப் பணமோ, பிரித்துக்கொள்ள வேலையோ இருந்தால் கூட்டம் தானாக நடக்கும்.

பெட்டியும் மாவும்

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு இரண்டு மாதிரிகளை நெருங்கிப் பார்க்கலாம். முதலாவது, நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் 1991இல் 'கேர்' அமைப்பு பெண்களோடு சேர்ந்து உருவாக்கிய கிராமச் சேமிப்புக் குழு. இன்று ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கும் இந்த முறையில் 15 முதல் 25 பேர் ஒரு குழு. நடுவில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகள் மூன்று வெவ்வேறு உறுப்பினர்களிடம். எல்லாரும் பார்க்க, கூட்டத்தில்தான் பெட்டி திறக்கும். ஒவ்வொருவரும் ஒரு கூட்டத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். வாங்கிய பங்குக்கு ஏற்ப அவருடைய சிறு புத்தகத்தில் முத்திரை குத்தப்படும். எழுத்தறியாதவரும் தன் முத்திரைகளை எண்ணிக்கொள்ளலாம். சேர்ந்த பணத்திலிருந்து கடன் கொடுப்பார்கள். வட்டி வெளியே போகாமல் பெட்டிக்கே திரும்பும். நோய், சாவு போன்ற அவசரத்துக்குத் தனிச் சிறுநிதி உண்டு. ஏறத்தாழ ஓராண்டு முடிந்ததும் முழுப் பணத்தையும் பங்குவாரியாகப் பிரித்துக்கொண்டு, விரும்புகிறவர்கள் புதிதாகத் தொடங்குவார்கள். சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான். கணக்கு எல்லார் கண்முன்னும் நடப்பதும், ஆண்டுதோறும் முழுக்க முடித்துக் காட்டுவதும் இதன் தனிச் சிறப்பு. ஒருவர் பணத்தோடு ஓடிப்போக இங்கே வழி குறைவு.

இரண்டாவது மாதிரி லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15ஆம் தேதி மும்பை கிர்காவில் ஏழு குடும்பப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம் போட்டார்கள். இன்று சுமார் 45,000 பெண்கள் அதில் இருக்கிறார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். காலையில் கிளைக்கு வரும் பெண், பிசைந்து வைத்த உளுந்து மாவை எடை போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். வீட்டில் உருட்டிக் காயவைத்து மறுநாள் கொண்டுவருகிறார். அளவும் தரமும் பார்த்த பிறகு உருட்டிய கூலி கிடைக்கிறது. அடுத்த நாளைக்கான மாவும் கிடைக்கிறது. மாவின் சேர்மானம் பொது, பெயர் பொது, தரக்கட்டுப்பாடு பொது. உருட்டும் நேரம் மட்டும் அவரவர் வசதி. உறுப்பினர் ஒவ்வொருவரும் உடைமையாளர் என்பதால் லாபமும் நட்டமும் எல்லாருக்கும் உரியது. நன்கொடை வாங்குவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக வைத்தார்கள். வீட்டைவிட்டு நாள் முழுக்க வெளியே போக முடியாத பெண்ணுக்குச் சந்தையின் கதவைத் திறந்தது இந்த வேலைப் பகிர்வுதான்.

உங்கள் ஊரில் இவற்றில் எதை எடுப்பது? கையில் முதலே இல்லாதவர்களும் வெவ்வேறு தொழில் செய்பவர்களும் கூடினால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். ஒரே பொருளைச் செய்யத் தெரிந்தவர்கள் கூடினால் பொதுவான மூலப்பொருள் கொள்முதல், பொதுவான தரம், பொதுவான பெயர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். வடிவம் எதுவானாலும் பதிவுக்கு அவசரப்பட வேண்டாம். ஆறு மாதக் கணக்கு ஒழுங்காக எழுதிய பிறகு போகலாம். இந்தியாவில் கூட்டுறவுச் சங்கமாகவோ, குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ பதியலாம். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது இவ்விரு வடிவங்களின் அடிப்படை. அறக்கட்டளை என்றால் அறங்காவலர்களின் கையில்தான் முடிவு இருக்கும். உழைக்கிற பெண்களுக்கு வாக்கு இருக்காது. பதிவுப் பத்திரத்தில் போடும் இந்த ஒரு முடிவு பிற்காலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

எழும் ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் வலுவானது. பெண்கள் குழு, சிறுகடன் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லியும் வறுமை ஒழியவில்லையே என்பார்கள். உண்மைதான். போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்ஸிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த நுண்கடன் ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. கடனால் ஓரளவு நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்பதே அவற்றின் முடிவு. அதைவிட மோசமான அனுபவங்களும் உண்டு. 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடி தற்கொலைகள்வரை போய், மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையின் வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் உட்படப் பல பகுதிகளில் பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிச் சிக்கியதால், 2018இல் அரசு தள்ளுபடி அறிவிக்க வேண்டியிருந்தது. இந்த இடங்களிலும் பெண்கள் குழுவாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் குழு கடன் கொடுத்தவரின் வசூல் கருவியாக இருந்தது. வட்டியை முடிவு செய்தது வெளியாள். லாபம் போனது வெளியே. ஒருத்தி தவறினால் பழியும் பாரமும் மட்டும் குழுவுக்கு. பெட்டிச் சேமிப்பில் பணமும் வட்டியும் உறுப்பினருடையவை. அங்கும் பலனை மிகைப்படுத்தக் கூடாது. கானா, மலாவி, உகாண்டாவில் நடந்த ஆய்வில் சேமிப்பும் தொழிலும் பெண்களின் முடிவெடுக்கும் உரிமையும் மேம்பட்டன; குடும்பத்தின் சராசரிச் செலவு உயரவில்லை. சேமிப்பு முதல் படி மட்டுமே. சந்தையில் இடம் பிடிப்பது அடுத்த படி என்பதை இது நினைவூட்டுகிறது.

இரண்டாவது ஆட்சேபம், கூட்டாக நடத்தும் தொழில் போட்டியில் நிற்காது என்பது. நிற்காதவை பல உண்டு. நின்றவற்றைப் பார்த்தால், அவை வாங்குபவரின் இரக்கத்தை நம்பாமல் தரத்தையும் ஒழுங்கையும் நம்பியவை என்பது தெரியும். புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993இல் சங்கமானார்கள். அடையாள அட்டை பெற்றார்கள். 2008இல் 'ஸ்வச்' என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவின் வழியாக வீடுவீடாகக் குப்பை சேகரிக்க மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். திருட்டுப் பட்டம் கட்டி விரட்டப்பட்ட அதே வேலை, வீடுகளிலிருந்து மாதக் கட்டணம் பெறும் சேவையாயிற்று. குப்பையைத் தரம்பிரிக்கும் அறிவு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஓர் அமைப்புதான் தேவைப்பட்டது. உங்கள் குழுவும் புதிய திறமையைத் தேடி அலைவதற்கு முன், கையிலிருக்கும் திறமைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று பார்க்கட்டும்.

மூன்றாவது ஆட்சேபத்தைப் பெண்களே எழுப்புகிறார்கள். சமையல், பிள்ளைகள், கூலிவேலை, இதற்கு மேல் கூட்டமா என்கிறார்கள். இதை அலட்சியம் செய்த அமைப்புகளில் கடைசியில் நேரமிருக்கும் வசதியான பெண்களே பதவிகளில் அமர்ந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடில்லாமல் ஏழைப் பெண்ணால் வர முடியாது என்பதை உணர்ந்த சேவா, குழந்தைகள் காப்பகத்துக்கென்றே கூட்டுறவு அமைத்தது. கூட்டத்துக்கு இடமும் நேரமும் முடிவு செய்யும்போது மிக அதிகமாக உழைக்கிற பெண்ணைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சேமிப்புத் தொகையை மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரின் சக்திக்கு ஏற்ப வையுங்கள். ஒரே தெருவில் ஒரே சாதியாரை மட்டும் சேர்த்தால் குழு சீக்கிரம் அமைந்துவிடும். ஆனால் வியாபாரியிடம் பேரம் பேச வேண்டியது அந்தத் தொழில் செய்யும் எல்லாப் பெண்களுக்காகவும்தான். சாதியும் மதமும் பார்த்துப் பிரிந்த கூட்டம் பாதிப் பலத்தோடுதான் சந்தைக்குப் போகும்.

எல்லை தாண்டிய கைகோர்ப்பு

உலகளாவிய தொடர்பு என்ன தரும் என்பதையும் துல்லியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1975இல் மெக்ஸிகோ நகரில் நடந்த ஐக்கிய நாடுகளின் மகளிர் மாநாட்டில், எலா பட்டும் கானாவின் தொழில்முனைவர் எஸ்தர் ஒக்லூவும் அமெரிக்காவின் மிக்கேலா வால்ஷும் மற்றவர்களும் பெண்களுக்குக் கடன் மறுக்கப்படுவது எல்லா நாடுகளிலும் ஒரே கதைதான் என்று கண்டார்கள். அந்தச் சந்திப்பின் விளைவாக 1979இல் மகளிர் உலக வங்கியமைப்பு உருவானது. ஒக்லூ அதன் முதல் தலைவரானார். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று ஏற்ற பன்னாட்டு உடன்படிக்கை 1996இலும், வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைக்கான உடன்படிக்கை 2011இலும் ஜெனீவாவில் நிறைவேறின. இரண்டுக்கும் பின்னால் நாடுநாடாகக் கைகோர்த்த பெண்கள் அமைப்புகள் இருந்தன. வீட்டுவேலைப் பெண்களே ஜெனீவாவுக்குப் போய்த் தங்களுக்காகப் பேசினார்கள்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உலகத் தொடர்பு சட்டத்தை மாற்ற உதவும், புள்ளிவிவரம் சேர்க்க உதவும், ஒரு நாட்டில் வெற்றிபெற்ற முறையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக உதவும். உங்கள் ஊர்ச் சந்தையில் உங்கள் பொருளை விற்றுத் தருவது அதன் வேலை அல்ல. எலா பட் மெக்ஸிகோவுக்கும் வீட்டுவேலைப் பெண்கள் ஜெனீவாவுக்கும் வெறுங்கையோடு போகவில்லை. தங்கள் பின்னால் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடும், நடத்திக் காட்டிய அமைப்புகளோடும் போனார்கள். அதனால்தான் அவர்கள் சொல் எடுபட்டது. தெருவில் ஒரு குழு, வார்டில் ஒரு கூட்டமைப்பு, ஊராட்சி அல்லது நகராட்சி அளவில் ஒரு பேரமைப்பு என்று கீழிருந்து மேலே போகும் அமைப்பையே 1998இல் தொடங்கிய கேரளத்தின் குடும்பஸ்ரீயும் மூன்றடுக்காகக் கட்டியது. உங்கள் குழுவும் அப்படியே வளரட்டும். அக்கம்பக்கத்துக் குழுக்களோடு சேர்ந்து மொத்தக் கொள்முதல் செய்து பழகிய பிறகு வெளிநாட்டு அமைப்புகளுக்கு எழுதுங்கள். அப்போது அவர்களிடம் கேட்க உங்களிடம் தெளிவான கேள்வி இருக்கும்.

வளர்ச்சியை எதை வைத்து அளப்பது

நிதி கொடுப்பவர்கள் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையைக் கேட்பார்கள். அந்த எண்ணிக்கை உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. சேவா தன்னைத்தானே சோதித்துக்கொள்ளப் பதினொரு கேள்விகள் வைத்திருக்கிறது. உறுப்பினர்களுக்கு வேலை கூடியதா, வருமானம் கூடியதா, உணவும் ஊட்டமும் கிடைத்ததா, உடல்நலம் காக்கப்பட்டதா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வழி கிடைத்ததா, வீடும் தண்ணீரும் கிடைத்தனவா, அவர்கள் பெயரில் சொத்து சேர்ந்ததா, அமைப்பு பலப்பட்டதா, தலைமை வளர்ந்ததா, தற்சார்பு வந்ததா, எழுத்தறிவு பெருகியதா என்பவை அவை. இதில் எந்தக் கேள்வியும் அமைப்பு எவ்வளவு பெரிதாயிற்று என்று கேட்கவில்லை. உறுப்பினரின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்றே கேட்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் புத்தகத்தைப் பொதுக்கூட்டத்தில் விரித்து வைத்து, இந்தக் கேள்விகளை உறுப்பினர்களையே பதில் சொல்லச் சொல்லுங்கள். வேலையும் வருமானமும் கூடி, சொத்து மட்டும் பெண்களின் பெயரில் சேரவில்லை என்று பதில் வந்தால், அடுத்த ஆண்டின் முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான். அந்த வேலையை முடிக்கும்வரை புதிய கிளை தொடங்காதீர்கள். புதிய கடனுக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.